பிள்ளை கேட்டால் பிசாசு கேட்டது என்பீர்களா?

அன்பான பெற்றோரே, ஞாயிறு பள்ளியின் மேல்வகுப்பிலும் திடப்படுத்தல் வகுப்பிலும் பல ஆண்டுகளாக உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். நானும் பிள்ளை வளர்த்தவன். அந்த உரிமையில் ஒன்றைக் கண்டித்தே சொல்கிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது நாம் நடந்துகொள்கிற விதம் சரியில்லை.

"அப்படியெல்லாம் கேக்கப்படாது" என்கிறோம். "பிசாசுதான் உன்னை இப்படிப் பேச வைக்கான்" என்கிறோம். போனைப் பிடுங்குகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் போதகரை வரவழைத்துத் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொல்கிறோம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, பதினாறு வயதுப் பெண் நடுக்கூடத்தில் முழங்காலில் நிற்கிறாள். அவள் செய்த குற்றம்தான் என்ன? சுவிசேஷம் கேள்விப்படாமலே செத்துப்போனவர்களைக் கடவுள் எப்படி நரகத்துக்கு அனுப்புவார் என்று கேட்டாள். இறையியல் கல்லூரிகளில் இன்றும் விவாதிக்கிற கேள்வி அது. அன்று அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள்: இந்த வீட்டில் உண்மையைப் பேசக் கூடாது. அதன்பின் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் சரியாகச் சொன்னாள், வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதத்திலேயே ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "காலேஜ்ல யாரோ கெடுத்துட்டாங்க" என்று வீட்டில் சொல்கிறார்கள். அவளை யாரும் கெடுக்கவில்லை. வாய் திறக்க முடியாத வீட்டைவிட்டு வெளியே வந்தாள், அவ்வளவுதான்.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். அந்த வீட்டில் இரவுதோறும் 91-ம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசித்தார்கள். கதவிலும் அதை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் இடம் கிடைத்தும் அவர் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த இரவு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பேரன் வேதத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறான்: "தினமும் வாசிச்சோமே, அப்புறம் ஏன் தாத்தா செத்தாங்க?" அவன் பெரியப்பா சொன்ன பதில்: "நம்ம விசுவாசம் பத்தல." சில மாதம் கழித்துப் பையன் இதை என்னிடம் சொன்னான். "எங்க வீட்ல விடியக்காலம் எந்திரிச்சு முழங்கால் போடுறது தாத்தா மட்டுந்தான் சார். அவங்களுக்கே பத்தலன்னா எனக்கு எப்படிப் பத்தும்?"

பெரியப்பா கெட்டவர் அல்ல, தகப்பனை இழந்தவர். ஆனாலும் அவர் சொன்னது தப்பு, அதைத் தப்பென்று சொல்லத்தான் வேண்டும். வனாந்தரத்துச் சோதனையை நினைத்துப் பாருங்கள். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் எடுத்துக்காட்டிய வசனம் எது? இதே 91-ம் சங்கீதம். அதைப் பாதுகாப்புப் பத்திரமாகப் பயன்படுத்த இயேசு மறுத்தார். நாமோ அதைப் பத்திரமாகவே பிள்ளைகள் கையில் கொடுத்தோம். அது பலிக்காதபோது பழியைச் செத்தவர்மேலும் பிள்ளைமேலும் போட்டோம்.

நாம் மனப்பாடம் செய்ய வைக்கிற சங்கீதங்களைப் பாருங்கள்: 23, 91, 121. நல்லவைதாம். 88-ம் சங்கீதத்தை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதிலே வராத ஒருவரின் புலம்பல் அது. கடைசியில் ஸ்தோத்திரம் சொல்லி முடிகிற வழக்கம்கூட அதற்கு இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகத்தான் இஸ்ரவேலர் காப்பாற்றி வைத்தார்கள். யோபு புத்தகத்தின் முடிவில் கடவுள் யாரைக் கோபித்துக்கொள்கிறார்? அழுது, வழக்காடி, நியாயம் கேட்ட யோபுவை அல்ல. கடவுளுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, குற்றமெல்லாம் உன்னிடம்தான் என்று யோபுவிடம் சாதித்த நண்பர்களை. அடுத்த முறை "விசுவாசம் பத்தல" என்று வாயெடுக்கும்போது, அந்த நண்பர்களின் வரிசையில் நிற்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

சந்தேகப்பட்டவர் என்றாலே நமக்குத் தோமாதான். அவர் பேரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். காயத்தில் விரலை இடாமல் நம்பமாட்டேன் என்றவர், எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது எங்கே இருந்தார்? அதே வீட்டில், அதே சீஷர்களோடு. அந்த ஒரு வாரம் மற்றப் பத்துப் பேரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், கூடப் படுத்திருப்பார்கள். அவர் நம்பாமலே அவர்கள் நடுவில் இருந்தார். வந்த இயேசுவும் காயத்தைக் காட்டித் தொடச் சொன்னார். என் ஆண்டவர், என் தேவன் என்று இயேசுவை நேருக்கு நேராக அறிக்கையிட்டவர் அந்தத் தோமா. அவர்தான் நம் மண்ணுக்கு வந்து பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நம் வீட்டுத் தோமாவுக்கு அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க மட்டும் நமக்குப் பொறுமை இல்லை.

பொய்யைக் கொண்டு விசுவாசத்தைத் தாங்க முயல்வதையும் நிறுத்துங்கள். யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள் என்ற கதை பல்லாண்டுகளாகச் சுற்றுகிறது. முன்பு துண்டுப்பிரதியில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் மகன் இரண்டு நிமிடத்தில் தேடித் தெரிந்துகொள்வான். அப்பா அனுப்பியதில் இது பொய் என்றால், அப்பா சொன்னதில் வேறு எது பொய் என்று அடுத்துத் தேடுவான். அதைவிட உண்மையைச் சொல்லலாமே. பிரபஞ்சம் விரிகிறது, ஒரு சிறு தொடக்கத்திலிருந்து அது வந்தது என்று 1927-லும் 1931-லும் எழுதிய ஜார்ஜ் லெமத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். மரபியல் பாடத்தில் பட்டாணிச் செடியோடு வருகிற மெண்டல் மடத்துத் துறவி. ஆதியாகமத்தின் ஆறு நாளை எப்படி வாசிப்பது என்று அகுஸ்தீனாரே பல ஆண்டுகள் யோசித்து எழுதினார். பிள்ளைக்கு அறிவியலா ஆண்டவரா என்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்குவது நாம்தான்.

ஆனாலும் என் வகுப்பில் அதிகமாக வருவது அறிவியல் கேள்வி அல்ல. நம் வாழ்க்கையைப் பற்றியதுதான். "கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றாங்க, அக்கா கல்யாணத்துக்கு மட்டும் ஏன் நம்ம சாதியிலயே பாக்காங்க?" சபைத் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுக் கேட்பதையும், கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைக் கேட்கிற பிள்ளைக்கு அவிசுவாசம் என்று பெயர் வைப்பது அநியாயம். நாம் வாசித்துக் காட்டிய வேதத்தை அவன் நம்பியதால்தான் கேட்கிறான். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் கிடையாது. வரனைத் தேடுகிற விதத்தில் பதில் சொல்லுங்கள்.

உங்கள் உள்ளத்திலும் சந்தேகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஜெபித்தும் நடக்காதவை எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளைக்குத் தெரிந்தால் இடறிவிடும் என்று பயந்து மறைக்கிறீர்கள். அன்னை தெரசாவை நினைத்துப் பாருங்கள். அவர் 1997-ல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து, 2007-ல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. கடவுளின் அருகாமையை உணர முடியாமல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தவித்ததை ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார், திருச்சபை அழிக்கவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் 2016-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அத்தனை வறட்சியிலும் விடிந்ததும் எழுந்து கல்கத்தா வீதியில் கிடந்தவர்களைத் தூக்கினாரே, அதுவும் விசுவாசம்தான்.

மாற்கு சுவிசேஷத்தில் வலிப்பு நோயுள்ள மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் ஒருவர் வருகிறார். நம்புகிறேன் என்றும், என் அவநம்பிக்கை நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறினார். கூட்டத்தின் நடுவில், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலில் அவநம்பிக்கையைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார். பெற்றவர்களாகிய நமக்கு இந்த ஒரு தகப்பன் போதும்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசித்து முடித்ததும் உடனே முழங்கால் போடாதீர்கள். "இதுல உனக்கு நம்பக் கஷ்டமா இருக்கிறது எது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதன்பின் அந்தக் கேள்வியையும் சேர்த்தே ஜெபம் பண்ணுங்கள்.