பிறப்பை மாற்றிப் பார்ப்போம்

எம்.ஜி.ஆருக்கு எழுந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது இனவெறிதானா என்ற கேள்வி நம் அரசியல் உரையாடல்களில் அவ்வப்போது தலைதூக்கும். அவர் மலையாளி என்பதாலேயே வெறுக்கப்பட்டார் என்பது ஒரு தரப்பு. மலையாளியைத் தமிழர் எதிர்த்ததில் என்ன பிழை என்பது மறுதரப்பு. இவ்விரு தரப்பையும் நான் ஏற்கவில்லை. ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றினாலும், ஒரு தலைவரை மதிப்பிடப் பிறப்பே போதும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இரண்டும் நிற்கின்றன. ஆயினும் கேள்வியையே புறந்தள்ளிவிட முடியாது. பிறப்பை முன்னிட்ட வெறுப்பு நம் அரசியலில் உண்டு. நாம் தேடும் இடத்தில் அது இல்லை என்பதே என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், மூடிய கதவுக்கே பூசை நடக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலால் அறியப்பட்ட ஊர் அது. அங்கிருந்து தெற்கும் மேற்குமாக விரியும் கம்பம் பள்ளத்தாக்கு ஒரே மொழி பேசும் நிலமன்று. வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர்களும், கன்னடம் பேசும் காப்பிலியர்களும், தமிழ் பேசும் கள்ளர்களும், இராவுத்தர்களும், பறையர்களும், பள்ளர்களும், சக்கிலியர்களும் சேர்ந்து வாழும் நிலம். மலைமேல் ஏறினால் குமுளியில் மலையாளம். சந்தையில் யாரும் யாருடைய தாய்மொழியையும் கேட்டுவிட்டு வாழைத்தார் வாங்குவதில்லை.

இந்த மாவட்டத்தின் ஆண்டிபட்டித் தொகுதிதான் 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917இல் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். தேர்தலின்போது நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். ஒரு நாள்கூடத் தொகுதிக்கு வராமல் வென்றார். அதே ஆண்டிபட்டி 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. அவர் பிறந்தது மைசூர்ச் சீமையின் மேல்கோட்டையில். சாதியால் ஐயங்கார். இவ்விருவரின் பூர்வீகமும் வாக்காளருக்குத் தெரியாமல் இல்லை. எதிர்க்கட்சி மேடைகள் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டுதான் இருந்தன. மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, நினைவூட்டியவர்களை உந்தியது எது? எம்.ஜி.ஆர். 1953 முதல் தி.மு.க.வில் இருந்தார். 1967 தேர்தலில் குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டுடன் அவர் தோன்றிய படம் அக்கட்சிக்கு வாக்குகளை அள்ளித் தந்தது. பின்னர் கட்சியின் பொருளாளரானார். அந்த ஆண்டுகளிலெல்லாம் அவர் மலையாளி என்பது எவர் கண்ணிலும் படவில்லை. 1972 அக்டோபரில், கட்சிக் கணக்கைக் கேட்டு வெளியேற்றப்பட்ட பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. அவர் பிறப்பு 1972இல் மாறவில்லை. மாறியது உறவு. காரணம் முன்னரே இருந்து பகை பின்னர் வந்திருந்தால் அதை இனவெறி எனலாம். இங்கே பகை முதலில் வந்தது, காரணம் பின்னால் தேடி எடுக்கப்பட்டது. அதிலும், மலையாளியையும் தெலுங்கரையும் கன்னடரையும் ஒரே குடும்பமாக எண்ணிய ‘திராவிட’ என்ற சொல்லைப் பெயரில் சுமந்த கட்சி, தன் பழைய பொருளாளரை அயலான் என்று அழைத்தது எத்தகைய முரண்! பின்னர் கருணாநிதியின் எதிரிகள் அவருடைய முன்னோர் தெலுங்கர் என்று தேடிக்கொண்டு வந்ததும் இதே கதைதான்.

ஆகவே ஓர் எளிய சோதனையை முன்வைக்கிறேன். தலைவரின் பிறப்பை மட்டும் மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். எதிர்ப்பு அப்படியே நிற்கிறதா, அல்லது விழுந்துவிடுகிறதா?

எம்.ஜி.ஆரை அவ்வாறு மாற்றிப் பார்ப்போம். அவர் தஞ்சாவூரின் ஒரு தமிழ்க் குடியில் பிறந்தவர் என்று வையுங்கள். நெருக்கடி நிலையை அவர் ஆதரித்தது மாறிவிடுமா? 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9000 ரூபாய் என வரம்பு விதித்தார். 1980 மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சி 39 தொகுதிகளில் இரண்டே இரண்டில் வென்றது. அதன் பின்னரே அந்த ஆணையைத் திரும்பப் பெற்று ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். அந்தக் கண்டனம் மாறுமா? 1980களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு, தருமபுரிப் பகுதிகளில் நக்சல்பாரி இளைஞர்கள் ‘மோதல்’ என்ற பெயரில் கொல்லப்பட்டார்களே, அதற்கான பொறுப்பு மாறுமா? 1981இல் மதுவிலக்கு நீக்கப்பட்டதை எதிர்த்த பெண்களின் குரல் மாறுமா? எதுவும் மாறாது. 1982இல் அவர் விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்துக்கான பாராட்டும் மாறாது. அவரை எதிர்க்கத் தக்க காரணங்கள் அனைத்தும் அவர் செயல்களில் இருந்தன. ‘மலையாளி’ என்ற வசை அந்தக் காரணங்களை ஒன்றும் வலுப்படுத்தவில்லை. மாறாக அவற்றை மறைத்தது. வசையைக் கேட்ட எளிய மனிதன், இவர்களிடம் வேறு காரணம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பிறப்பைச் சொல்லித் தாக்குவது போலவே, பிறப்பைச் சொல்லித் தப்பிப்பதும் நடக்கிறது. 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குச் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை விதித்தபோது, அது கன்னடர் தமிழருக்கு இழைத்த பழிவாங்கல் என்று சுவரொட்டிகள் முழங்கின. அதுவரை மைசூர்க்காரி என்று வையப்பட்டவர் ஒரே இரவில் கன்னடரால் வஞ்சிக்கப்பட்ட தமிழச்சியானார். சோதனையை இங்கும் செய்து பாருங்கள். நீதிபதி தமிழராக இருந்திருந்தால் கணக்கில் காட்டப்படாத சொத்து கணக்கில் வந்திருக்குமா?

இந்தச் சோதனை எல்லோரையும் விடுவித்துவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2009 செப்டம்பரில் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், ஒபாமா மீது கொட்டப்படும் கடும் வெறுப்பில் பெரும்பகுதி அவர் கறுப்பர் என்பதாலேயே வருகிறது என்றார். ஒபாமா தரப்பே அதை ஏற்கவில்லை. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்தவர்கள் அதிபர் வெள்ளையராக இருந்தாலும் எதிர்த்திருப்பார்கள். கிளிண்டன் காலத்தில் எதிர்க்கவும் செய்தார்கள். அந்த எதிர்ப்பு நிற்கிறது. ஆனால் அவருடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்ன கூச்சல், அவர் 2011 ஏப்ரலில் விரிவான சான்றிதழை வெளியிடும்வரை ஓயவில்லை. எந்த வெள்ளை அதிபரையும் நோக்கி அப்படியொரு கூச்சல் எழுந்ததில்லை. பிறப்பை மாற்றினால் அந்தக் கோரிக்கை அந்தக் கணமே விழுந்துவிடுகிறது. அதற்குப் பெயர் இனவெறிதான்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் உசிலம்பட்டி வட்டாரம். தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த 1996 வரை தேவதானப்பட்டியும் உசிலம்பட்டியும் ஒரே மதுரை மாவட்டம். கணவாயின் இருபுறமும் கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள் ஏராளம். ஆண்டிபட்டி வாக்காளர் தாய்மொழி கேட்காமல் வாக்களித்ததைப் பெருமையோடு சொன்னேனே, அந்தப் பெருமை கணவாயின் மறுபுறத்தில் நொறுங்கிப் போகிறது.

1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் இந்த வரிசையில் சேரும். பத்தாண்டுகள் அங்கே தலைவர் பதவி நிலைக்கவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆளில்லாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. தேர்தல் நடந்தால் பெயருக்கு ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு பதவி விலகச் செய்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் முறையாகப் பொறுப்பேற்றார்கள். மேலூர் வட்டத்து மேலவளவில் இன்னும் கொடியது நடந்தது. அங்கே 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

சோதனையை இங்கே செய்யுங்கள். முருகேசன் என்ற மனிதரை அப்படியே விட்டுவிட்டு, அவர் பிறப்பை மட்டும் மாற்றுங்கள். எதிர்ப்பில் எது எஞ்சுகிறது? பாப்பாபட்டியில் ஒரு வேட்பாளரைக்கூட அவர் செயலுக்காக எதிர்க்கவில்லை. அவர் செயல்படத் தொடங்கவே இல்லையே! இன்னார் என்று பெயர் தெரிவதற்கு முன்பே, எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது தெரிந்த அந்த நொடியிலேயே எதிர்ப்பு முழுமை பெற்றுவிட்டது.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் இனம் மேடைதோறும் ஒலித்தது. ஆனால் எதிர்ப்பின் வேர் வேறிடத்தில் இருந்தது. ஊராட்சிகளில் பிறப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘சுழற்சி முறை சரியில்லை’, ‘பொதுப்பதவியாக மாற்றித் தாருங்கள்’, ‘நிர்வாகம் தெரியாதவர்கள்’, ‘ஊர் ஒற்றுமை கெடும்’ என்றே பேசினார்கள். ஆனால் அங்கே பிறப்பு மட்டுமே வேராக இருந்தது. கூச்சலை வைத்து வெறுப்பை அளப்பவர்கள் இரண்டு இடத்திலும் ஏமாந்துபோகிறார்கள்.

இது சாதி, இனமன்று. இரண்டையும் குழப்பலாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறிக்கு எதிரான மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியையும் விவாதிக்கக் கோரியபோது, இந்திய அரசு சொன்ன பதிலும் இதுதான். சொல்லாராய்ச்சியாக அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோதும் அந்த ஊராட்சிகளில் நிலை மாறவில்லை. வெட்டுப்பட்டவனிடம் உன்னை வெட்டியது அரிவாளல்ல, வீச்சரிவாள் என்று விளக்குவதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

இன்னொரு மறுப்பு நுட்பமானது. தேவதானப்பட்டியை உள்ளடக்கிய பெரியகுளம் சட்டமன்றத் தொகுதி 2011 தேர்தல் முதல் தனித்தொகுதி. அங்கே யாரும் தேர்தலைப் புறக்கணிக்கவில்லை, தலித் உறுப்பினர்கள் அமைதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆகவே வெறுப்பு இல்லை என்பார்கள். என் பார்வையில் இது எதிர்முடிவுக்கே இட்டுச்செல்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் நாற்காலி சென்னையில் இருக்கிறது. கட்சிச் சின்னம் அவர் முகத்தை மறைத்துவிடுகிறது. ஊராட்சித் தலைவரின் நாற்காலியோ ஊருக்குள் இருக்கிறது. அவர் துணைத்தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார். கிராமசபையில் தலைமை வகிக்கிறார். சுதந்திர நாளில் கொடியேற்றுகிறார். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றவரின் பிள்ளை முன்னால் நாம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தாங்க முடியாமற் போவது இந்த இடத்தில்தான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியை மன்றக் கூட்டத்திலேயே தரையில் அமர வைத்தார்கள். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவியைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகே மாவட்ட நிர்வாகம் தலையிட்டது. இவர்களில் எவரையும் எந்த மேடையிலும் எவரும் இன்ன சாதி என்று வையவில்லை. நாற்காலியைத் தரவில்லை, அவ்வளவே.

கூச்சலிடப்படும் இனவாதம் தீங்கற்றது என்று நான் சொல்லவரவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை மூண்டபோது இப்பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இடுக்கித் தோட்டங்களில் வேலைபார்த்த தமிழ்க் கூலிக் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி மலையிறங்கித் தேனிக்கு வந்தன. தலைவர்களை வைவதற்காக ஆண்டுக்கணக்கில் தீட்டிவைத்த சொற்கள் கடைசியில் தேநீர்க் கடைக்காரன் மீதும் ஏலக்காய் பறிக்கும் பெண் மீதும்தான் பாய்கின்றன. தலைவருக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. ஆகவே அச்சொற்களைக் கைவிடுங்கள் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை.

என் குறை நம்மைப் போன்ற வாசிப்பவர்கள், எழுதுபவர்கள் மீது. ‘தமிழர்தான் தமிழகத்தை ஆள வேண்டும்’ என்ற முழக்கத்தை ஆதரித்தும் மறுத்தும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். 2017இன் கடைசி நாளில் ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்தபோது அவருடைய மராத்தியப் பூர்வீகத்தைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! அவர் வரவே இல்லை. அந்த மையெல்லாம் வீண். பத்தாண்டுகள் காலியாகக் கிடந்த பாப்பாபட்டி நாற்காலியைப் பற்றி நம் சிற்றிதழ்களில் வந்த பக்கங்களை எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஏனென்றால் முதலமைச்சரின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது நம் கை சுத்தமாக இருக்கிறது. ஊராட்சித் தலைவரின் பிறப்பைப் பற்றிப் பேசினால் நம் சொந்த ஊரின், சொந்தத் தெருவின், சொந்தச் சித்தப்பாவின் பெயர் வந்துவிடும்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் ஊர் ஒதுக்கீட்டுப் பட்டியலில் வரலாம். ‘ஆளைத்தான் எதிர்க்கிறோம், சாதியை அல்ல’ என்று யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லலாம். அவரிடம் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள். அந்த ஆளின் பிறப்பை மட்டும் மாற்றிவிட்டு, இதே குறையை இதே குரலில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அவரோடு விவாதிக்கலாம். முடியாவிட்டால் அவர் நம் உறவினராக இருந்தாலும் அந்த இடத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். நானும் என் வீட்டுத் திண்ணையில் இதுவரை அதைச் செய்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.