கிளி ஜோசியமும் தூக்கு மேடையும்

ஆளின் குணத்தைப் பரீட்சித்து எடை போடுவதாக ஒரு வித்தை மேல்நாட்டில் வெகு காலமாக நடக்கிறது. தாளில் நூற்றுக்கணக்கான கேள்விகள். ஆம், இல்லை என்று குறி போட வேண்டும். அல்லது மசியைக் கொட்டி மடித்த அட்டையைக் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்பார்கள். அதை வைத்து "இவன் இன்ன மாதிரி ஆசாமி" என்று மனோதத்துவ நிபுணர் சொல்வார். கோர்ட்டிலும் இது சாட்சியம்!

இதன் லட்சணத்தைப் பாருங்கள். போரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் 39 மாணவர்களுக்குக் குணப் பரீட்சை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளைத் தந்து, "உன் குணம் இது, எவ்வளவு பொருத்தம்? 5க்கு மார்க் போடு" என்றார். சராசரி 4-க்கும் மேல்! விஷயம் என்னவென்றால், எல்லோருக்கும் தந்தது ஒரே தாள். வாசகங்களோ ஜோசியப் புஸ்தகத்திலிருந்து பொறுக்கியவை. இதை அவரே 1949-ல் வெளியிட்டார். நம் சந்தையில் கிளி எடுக்கும் சீட்டும் இதுதான். ஆனால் கிளிக்காரர் சில்லறையோடு விட்டுவிடுவார். யாரையும் தூக்கில் போடமாட்டார்.

டெக்ஸாஸில் உயிரையே எடுத்தார்கள். அங்கே கொலை ருசுவான பிறகு ஜூரர்களைச் சட்டம் கேட்கிறது: இவன் இனிமேலும் பலாத்காரம் செய்வானா? செய்ததற்கல்ல, செய்யப் போவதற்குச் சாட்சி வேண்டுமாம்! டாக்டர் கிரிக்சன் என்பவர் வழக்குக்கு வழக்கு கூண்டேறி, நிச்சயம் செய்வான் என்றார். ஒரு வழக்கில் பரீட்சைத் தாள்கூட இல்லை. கைதியை அவர் பரிசோதிக்கவே இல்லை. நீண்டகால ஆரூடத்தில் மூன்றுக்கு இரண்டு தப்பு என்று அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கமே சுப்ரீம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. 1983-ல் கனம் நீதிபதிகள் சொன்னதன் சாரம்: எப்போதுமா தப்பு, பெரும்பாலும்தானே! 1984-ல் அந்தக் கைதியைக் கொன்றார்கள். 1995-ல் சங்கம் கிரிக்சனை நீக்கியது. போன உயிர் போனதுதான்.

1997-ல் இன்னொரு வழக்கு. கறுப்பினத்தவர் என்பதாலேயே ஆபத்து அதிகம் என்று மனோதத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். அவரை அழைத்தவர் கைதியின் சொந்த வக்கீல், கேளுங்கள் இந்தக் கூத்தை! அந்த மரண தண்டனை ரத்தாக 2017 வரை, 20 வருஷம் ஆயிற்று. விஞ்ஞானம் என்று பூசிய சுண்ணாம்பைச் சுரண்டினால் உள்ளே நிறவெறி.

நமக்கென்ன என்று இருந்துவிடலாமா, தோழர்களே? கைதி இனி சமூகத்துக்கு ஆபத்தாக இருக்கமாட்டான் என்பது தண்டனையைக் குறைக்கும் அம்சம். அதற்கு மாறாகச் சொன்னால் சர்க்கார் சாட்சியம் காட்ட வேண்டும் என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட் கூறிற்று. 2022-ல் மனோஜ் வழக்கில், மரண தண்டனைக்கு முன் கைதியின் மனநிலை அறிக்கையையும், குடும்பம், படிப்பு, வறுமை பற்றிய விவரங்களையும் வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. பசியையும் மனநோயையும் கோர்ட் பார்க்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் அந்த அறிக்கையின் வழியாக டெக்ஸாஸ் ஜோசியம் உள்ளே நுழைவதை ஏற்கமாட்டோம். அதை எழுதியவரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கூலிக்காரக் கைதிக்கும் சர்க்கார் செலவில் திறமையான வக்கீலும், சரிபார்க்க வேறொரு டாக்டரும் தர வேண்டும். இதைத்தான் கேட்கிறோம்.