குணம் என்று எழுதும் முன்

ஆடி பிறந்தால் சங்கரன்கோவிலில் தபசுக்குக் கொடியேறும். அதே ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். சந்தையில் வாங்கிய குதிரையை லாரியில் ஏற்றி, மதுரையைத் தாண்டி இங்கே கொண்டுவந்து இறக்கிய சில நாளில் நமக்கு அழைப்பு வரும். “டாக்டர், வாங்கும்போது பசு மாதிரி நின்னுச்சு. இப்ப வயித்து வாரை இழுத்தா கடிக்க வருது. சுழி சரியில்லையோ?”

சுழி பார்ப்பதை நாம் சிரித்துத் தள்ளிவிடுகிறோம். ஆனால் சிகிச்சைச் சீட்டில் ‘முரட்டுக் குணம்’ என்று எழுதி, ஒரு மயக்க ஊசி போட்டுவிட்டுத் திரும்புவது அதைவிட எந்த வகையில் மேல்? சுழி சொன்னவர் குதிரையின் பிறப்பின் மேல் பழி போட்டார். நாமும் அதையே செய்கிறோம், கூடவே நம் கையெழுத்தும் விழுகிறது. வலி இருக்கிறதா என்று தேடி, இல்லையென்று உறுதியாகும்வரை குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. இந்த இதழில் நான் வற்புறுத்துவது இதைத்தான்.

முதலில் அந்தப் ‘பசு மாதிரி’. நிம்மதியாக நிற்கும் குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருக்கும். கீழுதடு தொங்கும். பக்கத்தில் ஒரு வாளி உருண்டால் ஒரு காதாவது அந்தப் பக்கம் திரும்பும். சந்தை வெயிலில் நாள்கணக்காகக் கட்டிக் கிடந்த குதிரையும் அசையாமல்தான் நிற்கும். ஆனால் அதன் காது சத்தத்துக்குத் திரும்பாது. கழுத்து முதுகு மட்டத்துக்கு நீண்டு அப்படியே இருக்கும். கண் எங்கேயோ நிலைகுத்தியிருக்கும். வாங்குபவர் அதைச் சாது என்று நம்புகிறார். தண்ணீரும் தீவனமும் கிடைத்துத் தெம்பு வந்ததும், அதுவரை அடக்கிவைத்த வலியை அது காட்டத் தொடங்குகிறது. குணம் மாறிவிட்டது என்கிறார்கள் வீட்டார்.

காதைப் பார்ப்பதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாடநூல் படங்களில் இருப்பவை பெரும்பாலும் நேர்க்காதுக் குதிரைகள். நம்மிடம் வருபவற்றில் மார்வாரி, கத்தியவாரி ரத்தம் கலந்தவை நிறைய. அவற்றின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து, சிலவற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நுனியைப் பார்த்தால் எந்நேரமும் உஷாராக இருப்பதுபோலத் தெரியும். பார்க்க வேண்டியது காதடியை. இரண்டு காதடிகளுக்கும் நடுவே இடைவெளி அகன்று, காதுகள் பின்பக்கமாக விறைத்துத் திரும்பியிருந்தால் வலியைச் சந்தேகியுங்கள். பிடரியோடு ஒட்ட மடிந்தால் மிரட்டல். ஒரு காது மட்டும் இளக்கமாகப் பின்னால் திரும்பியிருந்தால், சாரதி என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

காதோடு முகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்க இத்தாலியின் டல்லா கோஸ்டாவும் சகாக்களும் 2014-இல் ஒரு வழி வகுத்துத் தந்தார்கள். விதைநீக்க அறுவைக்கு முன்னும் பின்னும் குதிரைகளின் முகத்தைப் படம்பிடித்து ஆறு அடையாளங்களைத் தொகுத்தார்கள்: விறைத்துப் பின்னே போன காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேலே இறுகிய தசை, புடைத்த தாடைத் தசை, இறுக மூடிய வாயோடு துருத்திய மோவாய், இறுகி விரிந்த நாசி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். கருவி வேண்டாம், செலவில்லை. குதிரையைத் தொடுவதற்கு முன், நாலைந்து அடி தள்ளி நின்று, சற்று நேரம் பார்த்தாலே போதும். நம்மில் பலர் ஒதுக்காதது அந்தச் சற்று நேரத்தைத்தான்.

வயிற்று வாரை இழுத்தால் கடிக்கிறது என்றால் வார் படும் இடத்துப் புண்ணையும் முதுகையும் தடவிப் பாருங்கள். அதோடு இரைப்பையையும் நினையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் 16 மணி நேரம்வரை மேயும் பிராணி அது. காலையில் கொள்ளு, மாலையில் கொள்ளு, நடுவே வெறும் வயிறு என்று வளர்க்கும் பந்தயக் குதிரைக்கு இரைப்பைப் புண் வருவதில் வியப்பில்லை. நாள் முழுக்கப் புல்லோ வைக்கோலோ கிடைத்தபின் அது இன்னும் கடிக்கிறதா என்று பாருங்கள்.

குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே லாயத்தில், ஒரே கையில் வளர்ந்த இரண்டு குட்டிகளில் ஒன்று மிரளும், ஒன்று மிரளாது. ஆனால் பிறவிக் குணம் குட்டியிலிருந்தே கூட வரும். வண்டி, தொழுவம், ஆள் என்று எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தெரியும். நோய்க்கு ஒரு தொடக்க நாள் உண்டு. ‘எப்போதிருந்து?’, ‘எதைச் செய்யும்போது?’ என்ற இரண்டு கேள்வியும் கேட்காமல் சீட்டு எழுதாதீர்கள்.

கெட்ட சுழி என்று பேர் வாங்கிய குதிரை விலை இறங்கி, கை மாறிக் கை மாறிப் போகும். ஒவ்வொரு கையிலும் புதுக் கடிவாளம், புது அதட்டல். கடைசியில் ஒருநாள் கடித்துவிடும். சுழி பலித்துவிட்டது என்பார்கள். நாம் எழுதும் ‘முரட்டுக் குணமும்’ அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த மண்ணில் குதிரைக்கு நேர்ந்த இழப்பு பழையது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக் காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் வந்து இறங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் காட்டும் காரணம், குதிரையின் நோய் தெரிந்து பார்க்க ஆளில்லை என்பது.

நாம் குதிரையைப் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2016-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்குக் கோபமான மனித முகம், சிரித்த முகம் இரண்டின் படங்களையும் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு சீக்கிரம் எகிறியது. தலையைத் திருப்பி இடக்கண்ணால் அதிகம் பார்த்தன. வெறும் படத்துக்கே இப்படி. அடுத்த அழைப்புக்கு நேரமாகிவிட்டது என்ற முகத்தோடு லாயத்துக்குள் நுழைந்துவிட்டு, குதிரை பதறுகிறது என்று குறிப்பது நியாயமில்லை.

கடைசியாக, கடிவாளத்தைக் கழற்றச் சொல்லி உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். முள்ளோ முனையோ உள்ள கடிவாளத்தை, வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே தடை செய்துவிட்டன. இருந்தும் அதன் தழும்பை உதட்டோரத்திலும், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே உள்ள வெற்று ஈறிலும், நாக்கிலும் நாம் இன்னும் பார்க்கிறோம். தலையை உதறும் குதிரையின் வாயைத் திறக்காமல் அதை அடங்காதது என்று சொல்பவர் மருத்துவம் பார்க்கவில்லை.

‘கடிக்கும்’, ‘உதைக்கும்’ என்று உங்களிடம் வரும் ஒவ்வொரு குதிரைக்கும் முகத்தை நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காதடியை நெருங்கி ஒன்று எனப் படம் எடுத்து, தொந்தரவு தொடங்கிய நாள், தீவன நேரம், கடிவாளத்தின் வகை ஆகியவற்றோடு இதழுக்கு அனுப்புங்கள். உரிமையாளர் பெயர் வேண்டாம். நம் பக்கத்து வளைகாதுக் குதிரைகளின் முகத்தில் வலி எப்படித் தெரிகிறது என்று காட்டும் படத்தொகுப்பை அவற்றிலிருந்து தயாரிக்க எண்ணியிருக்கிறோம்.

— ஆசிரியர், சங்கரன்கோவில்