உழுதால் போதாது, எழுத்தும் வேண்டும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், மலையாளப்பட்டிப் பக்கம் போனால் பச்சைமலை அடிவாரம். மலைப்பகுதியில் மலையாளி பழங்குடி மக்கள் மரவள்ளியும் முந்திரியும் பயிரிடுகிறார்கள். தலைமுறையாக உழுதும் கையில் பட்டா இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு. பட்டா இல்லை என்றால் பயிர்க்கடன், காப்பீடு, மானியம் எல்லாமே எட்டாத உயரம்தான். இப்போது விவசாயிகளுக்கு வழங்கப்படும் தனித்துவ அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு இணைத்தே தரப்படுகிறது. உழுகிறவரை விவசாயி என்று அரசுப் பதிவேட்டில் ஏற்ற என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகத் தந்த ஒரு மனிதரை, விவசாயிகளும் வேளாண் அலுவலர்களும் அறிந்திருப்பது நல்லது.

அவர் பெயர் தசரத் தேவ். வடகிழக்கு மாநிலமான திரிபுராவில் கோவாய் பகுதியில், 1916-ல் ஏழைப் பழங்குடி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காட்டை வெட்டி எரித்து, சாம்பல் மண்ணில் பல பயிர்களைக் கலந்து விதைத்து, சில ஆண்டுகளில் இடம் மாறும் 'ஜூம்' சாகுபடிதான் அங்கே பிழைப்பு. அப்போது மன்னர் ஆட்சி. அதிகாரிகள் வந்தால் கூலி இல்லாமல் சுமை தூக்க வேண்டும். நம் முன்னோர் 'வெட்டி' என்று சொன்ன அதே ஊழியம். விளைவதற்கு முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்து, அறுவடையில் அடிமாட்டு விலைக்கு விளைச்சலை எடுத்துக்கொள்ளும் 'தாதன்' முறையும் இருந்தது. முந்திரிக்கும் மக்காச்சோளத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தசரத் தேவும் நண்பர்களும் முதலில் கையில் எடுத்தது கொடியை அல்ல, கரும்பலகையை. 1945-ல் 'ஜனசிக்ஷா சமிதி' என்ற மக்கள் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மலைக் கிராமங்களில் நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவரை, எந்தச் சட்டம் வந்தாலும் பயன் எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான் போகும். இதைப் புரிந்துகொண்டதுதான் அந்த இயக்கத்தின் பலம்.

1948-ல் அவர்கள் 'கணமுக்தி பரிஷத்' அமைத்து, வெட்டி ஊழியத்தையும் கந்துவட்டியையும் எதிர்த்தபோது அடக்குமுறை வந்தது. தசரத் தேவ் தலைமறைவானார்; கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1952 பொதுத் தேர்தலில், தலைமறைவாக இருந்துகொண்டே கிழக்கு திரிபுரா தொகுதியில் வென்றார். அதே 1952-ல்தான், கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் பலனாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பதை அரியலூர்க்காரர்கள் நினைவில் கொள்ளலாம். பின்னர் அவர் மாநிலக் கல்வி அமைச்சராகவும், துணை முதல்வராகவும், 1993 முதல் 1998 வரை முதல்வராகவும் இருந்தார். திரிபுராவின் முதல் பழங்குடி முதல்வர் அவர்தான். 1998-ல் மறைந்தார்.

பழங்குடிகளின் நிலம் அங்கே பெரிய சிக்கல். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தார்கள். பழங்குடிகள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையானார்கள். 1960-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 1974-ல் திருத்தம் செய்யப்பட்டது. 1-1-1969-க்குப் பின் அனுமதியின்றிக் கைமாறிய பழங்குடி நிலத்தை உரியவருக்கே மீட்டுத் தர அது வழி செய்தது. ஆனால் நிலத்தை வாங்கியவரும் பல இடங்களில் ஓர் ஏழை அகதி விவசாயிதான். ஏழையிடமிருந்து பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பது சட்டத்தில் எளிது, ஊரில் எளிதல்ல. 1980-ல் இனக்கலவரமே வெடித்தது. காலம் கடந்து செய்யும் நீதி எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அரியலூருக்கும் இது புதிதல்ல. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு எடுத்த நிலத்தைத் திருப்பித் தரும் முடிவு வருவதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே வனப்பகுதியில் சாகுபடி செய்யும் பழங்குடிகளுக்குக் கையில் உள்ள முக்கியக் கருவி 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான். 13-12-2005-க்கு முன்பிருந்தே உழுது வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழும் பரப்புக்கு ஏற்ப 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம் வரும். அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குச் சேரும்.

மனு போக வேண்டிய இடம் கிராம சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழு நிலத்தை நேரில் பார்க்கும். பிறகு கோட்ட அளவிலான குழு, கடைசியில் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. பழைய ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம். ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம், நிலத்தில் உள்ள கிணறு, வரப்பு, முன்னோர் இடுகாடு ஆகியவையும் சான்றுகளே. ஏதேனும் இரண்டு சான்றுகள் வேண்டும். கிராம சபை மறுத்தால் 60 நாட்களுக்குள் கோட்டக் குழுவில் முறையிடலாம்.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பட்டா எங்கள் வேலை இல்லை, அது வருவாய்த் துறை பார்த்துக்கொள்ளும்" என்பது விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பட்டா இல்லாத விவசாயியிடம் சொட்டுநீர் மானியத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? மலைக் கிராமத்துக்குப் போகும்போது விதையோடு மனுப் படிவத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; வாசித்துக் காட்டுங்கள்; நிரப்ப உதவுங்கள்.

சமவெளி விவசாயிகளுக்கும் இதில் வேலை உண்டு. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை மாற்றாமல் வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று பார்ப்பவர் எத்தனை பேர்? தசரத் தேவின் கட்சியை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் நிலத்தைக் காக்க முதலில் பள்ளிக்கூடம் கட்டிய அவரது அறிவு எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவானது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஆவணத்தை எடுத்துச் செல்லுங்கள். ஆவணம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.