கோல் போட்டவருக்கு மட்டும்தான் கிண்ணமா?

நம் அலோர் காஜாவில் பிறந்தவர் ஒருவர் மலேசியாவுக்காக 195 அனைத்துலக ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஃபிஃபா ஏற்றுக்கொண்ட கணக்கு அது. கிறிஸ்டியானோ ரொனால்டோவே 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில்தான் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். 'தவுக்கே' என்று ரசிகர்கள் அழைத்த டத்தோ சோ சின் ஆன்தான் அவர். மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் காற்பந்து ஆடும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ரொனால்டோவின் சட்டை எண் தெரியும், சோ சின் ஆன் பெயர் தெரியாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் நின்று ஆடுபவரைப் பெரியவர்களாகிய நாமே பேசுவதில்லை.

1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். வெற்றி கோலை அடித்தது யார் என்றால் என் வயதுக்காரர்கள் தூக்கத்திலும் ஜேம்ஸ் வோங் என்பார்கள். மறுமுனையில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் காவல் காத்ததை எத்தனை பேர் சொல்வார்கள்? அவர்களுக்குப் பின்னால் கோல் கம்பத்தில் நின்றவர் நம் ஆர். ஆறுமுகம். அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது.

தற்காப்பு ஆட்டக்காரருக்கு மோசமான நாள் வராது என்று சொல்லவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற அதே நம் அணி, மொரோக்கோவிடம் ஆறு கோல் வாங்கியது. அந்த அணியில் இருந்த சோ சின் ஆன் அதன்பிறகும் 1984 வரை நாட்டுக்காக ஆடினார்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது எழுவர் காற்பந்துக் குழுவைப் பயிற்றுவித்தேன். ஆட்டக்காரர் பட்டியல் போட்டதும் பெற்றோர் வந்துவிடுவார்கள். "சார், நம்ம பையன முன்னால போடுங்க சார். பின்னால நின்னா யாரு பாக்குறா?" அவர்கள் கேட்டது நியாயம்தான். பரிசளிப்பில் அதிக கோல் அடித்தவருக்குக் கிண்ணம் உண்டு, சிறந்த கோல் கீப்பருக்கும் உண்டு. ஆட்டம் முழுக்க எதிரணியைத் தடுத்து நின்ற பையன் கைதட்டிவிட்டு பஸ் ஏறுவான்.

என் தாயார் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பட்டையைத் தாண்டிக் கத்தி மரத்தில் இறங்கினால் மண்டோர் லயம் வரை கேட்கும்படி திட்டுவார். காயமே படாத மரத்தைப் பார்த்து யாரும் பாராட்டியதில்லை. ஆனால் அந்த மரம்தான் ஆண்டுக்கணக்கில் பால் தந்தது. எதிராளியின் காலைத் தொடாமல் பந்தை மட்டும் பறிப்பவரின் திறமையும் அப்படிப்பட்டதுதான்.

வெளியூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலாம். தென்னாப்பிரிக்காவின் லூகாஸ் ராடேபே 1994-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட்டுக்கு வந்தார். அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். அணித்தலைவராக உயர்ந்த அவரை லீட்ஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அந்த ஊர் இளைஞர்கள் தங்கள் இசைக்குழுவுக்கு, அவர் முன்பு ஆடிய கைசர் சீஃப்ஸ் குழுவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

கோலை எண்ணலாம், தடுப்பை எப்படி எண்ணுவது என்று கேட்பார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தவறு செய்யாமல் பறித்த பந்து, கோலுக்குள் போகாமல் குறுக்கே விழுந்து தடுத்த உதை, பதற்றமில்லாமல் தன் அணிக்காரனிடம் சேர்த்த பந்து. கோட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் ஆசிரியரே குறித்துவிடலாம்.

தற்காப்புக்கு ஒரு கிண்ணம் வைத்து அதற்கு சோ சின் ஆன் பெயரைச் சூட்டலாம் என்றால், தமிழ்ப்பள்ளிப் போட்டிக்குச் சீனர் பெயரில் கிண்ணமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆறுமுகம் அந்தச் சீனரை நம்பித்தான் கோல் கம்பத்தில் நின்றார்.

அடுத்த போட்டியை நடத்தவிருக்கும் தலைமையாசிரியர்களே, இளைஞர் மன்றத்தாரே, சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். அதற்கு சோ சின் ஆன் பெயரைச் சூட்டுங்கள். முதல் கிண்ணத்தின் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து நான் தருகிறேன்.