போட்டோ ஷேக் ஆகுதா? கையைத் திட்டாதீங்க, பிடியை மாத்துங்க!

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேரோட்டம் என்றால், புதுச்சேரியிலிருந்து ரெட்டியார்பாளையம் வழியாகக் கூட்டம் கிளம்பிவிடும். தேர் அசைந்து வரும் சில நிமிடங்களில் எத்தனையோ கைகள் மொபைலை உயர்த்தும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சில படங்களில் முகமே கலங்கியிருக்கும். தேர் அடுத்த வருஷமும் வரும். இந்த வருஷம் பக்கத்தில் நின்ற பாட்டியின் படம்?

'எனக்குக் கை நடுங்குது' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். எல்லோருடைய கையும் லேசாக நடுங்கத்தான் செய்யும். அதைக் கேமராவின் உடல் எப்படித் தாங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிரிப் எதுக்கு?

கல்யாண போட்டோகிராபர் கையில் இருக்கும் கேமராவைக் கவனியுங்கள். வலப்பக்கம் புடைத்திருப்பதுதான் கிரிப். மூன்று விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க, கட்டைவிரல் பின்னால் அணைத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலுக்குப் பட்டனை அழுத்துவது மட்டுமே வேலை. இடது உள்ளங்கை லென்ஸைக் கீழிருந்து தாங்கும். கண்ணோடு ஒட்டிப் பிடிப்பதால் முகமும் ஒரு முட்டு.

பழைய ஃபிலிம் கேமராக்கள் பெரும்பாலும் தட்டையான பெட்டிகள்தான். 1986-ல் வந்த கேனான் டி90, கைக்கு ஏற்ற வளைவான உடலோடு வந்து இன்றைய கேமராக்களுக்கு முன்னோடியானது.

ஆசிரமத்துக்கு வந்த போட்டோகிராபர்

கிரிப் இல்லாவிட்டால் முடியாதா? 1950 ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வந்தார். ஆசிரமத்தில் ஸ்ரீஅரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் மறைந்தார்.

கார்த்தியே-பிரெஸ்ஸோனின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் கேமரா லைக்கா. அதில் கிரிப் கிடையாது. ஆனால், ஓரங்கள் உருண்டு உள்ளங்கையில் அடங்கும். எஸ்.எல்.ஆர் கேமராவில் அழுத்தும்போது கண்ணாடி ஒன்று மேலெழும்பி அதிரும். லைக்காவில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதையும் கண்ணோடு ஒட்டித்தான் பிடிக்க வேண்டும்.

மொபைலில் என்ன சிக்கல்?

மொபைலும் தட்டைதான். ஆனால் வழுக்கும், கையை நீட்டிப் பிடிக்கிறோம், முக முட்டும் இல்லை. ஒரு கையில் எடுத்தால், பிடிக்க வேண்டிய கட்டைவிரலே திரையையும் தொடுகிறது. அந்த நொடியில்தான் படம் ஆடுகிறது. பிடிக்கிற விரல் வேறு, அழுத்துகிற விரல் வேறு என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

* மொபைலைப் படுக்கவைத்து, இரண்டு கைகளாலும் பிடியுங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும்.

* வால்யூம் பட்டனை ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்துங்கள். பல மொபைல்களில் அதுவே ஷட்டர்.

* கழுத்தில் மாட்டும் கயிறு இருந்தால், அது விறைக்கும் வரை மொபைலை முன்னால் தள்ளுங்கள். முகத்துக்குப் பதிலாக அதுவே முட்டு.

* தூணோ சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். பாதி மூச்சு விட்டு, நிறுத்தி, எடுங்கள்.

* ஜூமைக் குறையுங்கள். 5 மடங்கு ஜூம் செய்தால் நடுக்கமும் 5 மடங்காகத் தெரியும். முடிந்தால் இரண்டடி முன்னே போங்கள்.

* ஓ.ஐ.எஸ் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும்; ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பளபளப்பான கவரைவிட சொரசொரப்பான ரப்பர் கவர் நல்லது. நூறு, இருநூறு ரூபாயில் உங்கள் மொபைலுக்கும் ஒரு கிரிப் கிடைத்த மாதிரி!