சாருக்கும் எரர் வரும் பாஸ்!

"டவுட் இருக்கா?"ன்னு புரோகிராமிங் சார் கேட்டதும் உங்க கிளாஸ்ல எத்தனை கை தூக்கும்? எங்க கிளாஸ்ல ஜீரோ! எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. தமிழ் மீடியத்துல இருந்து வந்த என்னை மாதிரி ஆளுக்கு, அறுபது பேர் முன்னாடி இங்கிலீஷ்ல கேள்வி கேட்கிறதைவிட அரியர் எழுதறது ஈஸி.

இதை மாத்தினது ஒரு மழை லீவு. சாயல்குடியில எங்க வீட்டு மொட்டை மாடியிலதான் சிக்னல் ஒழுங்கா கிடைக்கும். ஒரு கையில குடை, இன்னொரு கையில மொபைல். சார் தன் கம்ப்யூட்டர் ஸ்கிரீனை லைவா காட்டி, 'லிங்க்டு லிஸ்ட்'ல ஒரு நோடை நீக்குற புரோகிராமை எழுத ஆரம்பிச்சார். பாதியில நிறுத்தி, "அடுத்த வரி என்ன? சாட்ல போடுங்க, தமிழ்லயும் போடலாம்"னார். வந்த பதில்ல ஒண்ணை அப்படியே டைப் பண்ணி ரன் பண்ணினார். நடுவுல இருந்த நோடு அழகா காணாமப் போச்சு. முதல் நோடை நீக்கச் சொன்னதும்... 'செக்மென்டேஷன் ஃபால்ட்'!

சார் சிரிச்சுட்டே, "நானும் கவனிக்கலையே... ஏன் வந்துச்சு?"ன்னார். நான் நடுங்குற விரலால தட்டினேன்: 'முதல் நோடுக்கு முன்னாடி நோடே இல்லையே சார்?' "கரெக்ட்! அதை எப்படிச் சரி பண்ணலாம்?"னு என்னையே கேட்டார். ரெண்டு வருஷத்துல நான் கிளாஸ்ல பேசின முதல் வார்த்தை அதுதான்.

கரும்பலகையில எழுதுற புரோகிராமுக்கு எரரே வராது. அதான் பிரச்னை! 2003-ல ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து ஆரம்பிச்ச 'என்பிடெல்' வீடியோக்கள் நம்மள்ல பல பேரைக் கரை சேர்த்திருக்கு. ஆனா, பதிவு செஞ்ச வீடியோகிட்ட நடுவுல கேள்வி கேட்க முடியாதே? தூரத்துல இருந்தே கேள்வி கேட்க வழி செய்யத்தான் 2004 செப்டம்பர் 20-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கல்விக்காகவே 'எஜுசாட்' செயற்கைக்கோளை அனுப்பினாங்க. அன்னிக்கு அதுக்கு செயற்கைக்கோள் வேணும். இன்னிக்கு ஒரு மொபைல் போதும். அமெரிக்காவுல கேசி முராடோரி 2014-ல இருந்து ஒரு கேமை 'ட்விட்ச்' தளத்துல லைவா எழுதிக் காட்டி, பார்க்கிறவங்க கேள்விக்கும் பதில் சொன்னார்.

உங்க சார்கிட்ட நைஸா சொல்லிப் பாருங்க. எழுத்தைப் பெருசா வைக்கணும், நாம பார்க்கிறது கையகல ஸ்கிரீன். கேமராவை ஆஃப் பண்ணிடலாம். கோடு ஸ்கிரீன்ல அதிக அசைவு கிடையாது, அதனால டேட்டா கம்மியாத்தான் செலவாகும். கேள்வி கேட்டுட்டு கொஞ்சம் காத்திருக்கணும், படம் நமக்கு வந்துசேர சில விநாடி ஆகும். சிக்னல் போனவங்களுக்காக ரெக்கார்டும் பண்ணி வைக்கணும்.

முக்கியமா, தப்பு வந்தா அழிச்சுட்டு ஓடக்கூடாது. அன்னிக்கு சாருக்கு எரர் வரலேன்னா, நான் இன்னும் கடைசி பெஞ்ச்ல வாயை மூடிக்கிட்டுதான் உட்கார்ந்திருப்பேன் பாஸ்!